மரத்தில் காது வைக்கிறவர்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து 'சாக்ரோ க்ரா' என்ற இத்தாலிய ஆவணப்படம் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஒருத்தர் தோசை மாவு வாங்கக் கிளம்பிவிட்டார். "ரோடு பத்தின படம்னு சொன்னே, ரோடு எங்கடா? கதை எங்கடா?" என்று வாசலில் நின்று கேட்டார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

ரோடு ரோமில் இருக்கிறது. நகரத்தைச் சுற்றி வளையமாக 68 கிலோமீட்டர். 'கிராந்தே ரக்கோர்தோ அனுலாரே' என்ற நீளமான பெயரைச் சுருக்கி 'க்ரா' என்கிறார்கள். அந்தச் சாலைக்குக் காரணமாக இருந்த பொறியாளரின் பெயரும் க்ராதான். அவர் பெயர் வரும்படியே பார்த்து வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஏசு கடைசி விருந்தில் குடித்த புனிதக் கிண்ணத்துக்கு இத்தாலியில் 'சாக்ரோ க்ரால்'. படத்தின் தலைப்பே ஒரு கிண்டல். 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை இந்தப் படம் வாங்கியது. அதுவரை எந்த ஆவணப்படத்துக்கும் அந்த விருது கிடைத்ததில்லை.

இயக்குநர் ஜான்ஃபிராங்கோ ரோசி கேமராவையும் ஒலியையும் தானே பார்த்துக்கொள்கிறவர். இரண்டு வருடத்துக்கு மேல் இந்தச் சாலையோரத்தில் கிடந்திருக்கிறார். படத்தில் பின்னணிக் குரல் கிடையாது. யாரையும் உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதும் கிடையாது. ராத்திரியில் ஆம்புலன்ஸில் அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு போகிறவர், மறதி நோய் வந்த தன் அம்மாவிடம் போய் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் காட்சி. ஒற்றை அறை வீட்டில் ஒரு அப்பா ஓயாமல் பேசுவார். மகள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவாள். ஜன்னலுக்கு வெளியிலிருந்துதான் அவர்களைப் பார்க்கிறோம்.

எனக்குப் பிடித்தவர் பனைக்காரர். சாலைச் சத்தம் கேட்கிற இடத்தில் பேரீச்சை மாதிரி மரங்கள். ஒரு மைக்கை மரத்துக்குள் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் கேட்கிறார். நமக்கும் கேட்கிறது: நறநற என்று உள்ளே ஒரு கூட்டம் மென்றுகொண்டிருக்கிறது. சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள்.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம்மூர்த் தென்னையைக் காலி பண்ணுகிற அதே வண்டு. ஆசியாவிலிருந்து மரக்கன்றுகளோடு மேற்கே போய், 2004 வாக்கில் இத்தாலியில் இறங்கியது. பொள்ளாச்சியில் எங்கள் அப்புச்சி மைக் இல்லாமலே இந்த வேலையைச் செய்வார். மரத்தில் ஓட்டை தெரிந்து, பழுப்பாகச் சாறு வடிந்தால், காதை மரத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. நாய் குரைத்தால் அதற்கும் திட்டு விழும். கொண்டை சாய்ந்த பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை என்பார்.

ரோசியும் அந்த மாதிரிதான் நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது. நம்மூரில் ரிங் ரோட்டைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ட்ரோன் பறக்கும், கனத்த குரலில் ஒருத்தர் 'வளர்ச்சி' என்பார், அப்புறம் நிலம் போனவர் ஒருவர் கேமராவைப் பார்த்து அழுவார். அந்த அழுகை உண்மைதான். ஆனால் அவர் சாயங்காலம் என்ன செய்வார், யாரோடு சண்டை போடுவார் என்பது நமக்குத் தெரியவே வராது.

குறை இல்லாமல் இல்லை. போட்டோக்களால் கதை சொல்லும் படக்கதைகளின் படப்பிடிப்புக்குத் தன் மாளிகையை வாடகைக்கு விடுகிற பிரபு வரும் இடமெல்லாம் ஜோடித்து வைத்த மாதிரி இருக்கிறது. அதை வெட்டிவிட்டு விலாங்கு மீன் பிடிக்கிற கிழவருக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். தைபர் நதிக்கரையில் இருக்கிறவர். விலாங்கைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டு, எழுதினவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

இந்தப் பதிவைப் படித்தாலும் அதைத்தான் சொல்லுவார்.