முதல் மனைவி என்ற ஒற்றை வரிக்குள் எமி ஆஷ்வுட்

1945 அக்டோபர் 15, மான்செஸ்டர் நகரில் சார்ல்டன் டவுன் ஹால். உலகப் போர் முடிந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அரங்கில் ஹைட்டி, எத்தியோப்பியா, லைபீரியா நாடுகளின் கொடிகள். உலகெங்கும் உள்ள கறுப்பின மக்களின் விடுதலைக்காகக் கூடும் ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாடு அன்று தொடங்குகிறது. பின்னாளில் கானாவை ஆளப்போகும் குவாமே என்க்ருமா அங்கே இருக்கிறார். கென்யாவை ஆளப்போகும் ஜோமோ கென்யாட்டா இருக்கிறார். மாநாட்டுக்காக ஓடியாடி வேலை பார்த்த டிரினிடாட் எழுத்தாளர் ஜார்ஜ் பேட்மோர் இருக்கிறார். பிரிட்டனில் நிறவெறி என்பதுதான் முதல் அமர்வின் பொருள். அதற்குத் தலைமை தாங்கியவர் எமி ஆஷ்வுட் கார்வி என்ற 48 வயதுப் பெண்.

இந்த மாநாட்டைப் பற்றி நான் பல வருடங்களாகப் படித்திருக்கிறேன். என்க்ருமா பெயர் தெரியும், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் பெயர் தெரியும். முதல் அமர்வின் தலைமை நாற்காலியில் இருந்தவர் யார் என்பது மட்டும் ரொம்பத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. தேடிப் போனால், கறுப்பின மக்களைத் திரட்டிய ஜமைக்காத் தலைவர் ஒருவரின் பெயரோடு திரும்பத் திரும்ப ஒரே வரி: 'மார்க்கஸ் கார்வியின் முதல் மனைவி'. அந்தத் திருமணம் சில மாதங்கள் கூட ஒழுங்காக ஓடவில்லை. எமி வாழ்ந்தது 72 வருடம். மீதி வாழ்க்கை எங்கே போனது? அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1914, ஜமைக்காவின் கிங்ஸ்டன். ஒரு தேவாலய அரங்கில் பட்டிமன்றம். பேசியவர்களில் 17 வயது எமியும் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்த 26 வயது மார்க்கஸ் கார்வி, முடிந்ததும் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். எமி பின்னாளில் சொன்ன கதை இது. அந்த வருடமே கார்வி தொடங்கிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் முதல் ஆட்களில் ஒருவர் எமி. அதன் தொடக்க காலக் கூட்டங்கள் நடந்ததே எமி குடும்பத்தார் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில்தான். அந்தச் சங்கம்தான் பிறகு நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் போய் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தது. 5 டாலருக்கு ஒரு பங்கு என்று ஏழைகளிடம் விற்று, பிளாக் ஸ்டார் லைன் என்ற கப்பல் கம்பெனியை ஆரம்பித்தது. கானாவின் கொடி நடுவில் இன்றைக்கும் இருக்கும் கறுப்பு நட்சத்திரம் அந்தக் கம்பெனியின் பெயரிலிருந்து வந்ததுதான். அதன் முதல் இயக்குநர்களில் எமியும் இருந்தார்.

1919 அக்டோபரில் ஒருவன் சங்க அலுவலகத்துக்குள் புகுந்து கார்வியைத் துப்பாக்கியால் சுட்டான். குறுக்கே பாய்ந்து அவரை மறைத்தவர் எமி. இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, ஹார்லெமில் இருந்த லிபர்ட்டி ஹாலில் இருவருக்கும் கல்யாணம். மணப்பெண் தோழியாக நின்ற எமி ஜாக்ஸையே 1922இல் கார்வி இரண்டாவதாக மணந்துகொண்டார். கார்வி தன்னை விவாகரத்து செய்தது செல்லாது என்று எமி ஆஷ்வுட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு எமிகளையும் மோதவிட்டு எழுதுவதில் பலருக்கு ஒரு ருசி இருக்கிறது. எனக்கு அதில் இஷ்டமில்லை. எமி ஜாக்ஸ் சாதாரணப் பெண் இல்லை. கார்வி அட்லாண்டா சிறையில் இருந்தபோது இயக்கத்தைத் தாங்கியவர் அவர்தான், கார்வியின் எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கியவரும் அவர்தான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, கார்வியைப் பிரிந்த பிறகு எமி ஆஷ்வுட் என்ன செய்தார்? லண்டனுக்குப் போனார். 1924இல் லடிப்போ சோலாங்கே என்ற சட்ட மாணவரோடு சேர்ந்து நைஜீரிய மாணவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அந்தப் பையன்கள் அவருக்கு இயாலோடே என்ற யோருபாப் பட்டத்தைக் கொடுத்தார்கள், பெண்களின் தலைவி என்று பொருள்.

அப்புறம் 1936இல் லண்டன் கார்னபி தெருவில், டிரினிடாட் பாடகர் சாம் மேனிங்கோடு சேர்ந்து ஓர் உணவகம் திறந்தார். கறுப்பினப் பாடகி ஃபுளோரன்ஸ் மில்ஸின் பெயரை அதற்கு வைத்தார். நான் இங்கே கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

அந்தக் கால லண்டனில் கறுப்பர் ஒருவர் வாடகைக்கு அறை கேட்டால் கதவு சாத்தப்படும். ஹோட்டலில் இடம் இல்லை என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரவு நேரத்தில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே நம்ம ஊர் என்று சொல்லிக்கொள்ளும்படி கரீபியச் சாப்பாடு, பாட்டு, பக்கத்து மேசையில் நம் நிறத்து ஆள். டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் வருவார், பேட்மோர் வருவார், கென்யாட்டா வருவார். ஊரிலேயே நல்ல சாப்பாடு கிடைத்த இடம் அதுதான் என்று ஜேம்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். எத்தியோப்பியா மீது முசோலினி படையெடுக்க இருந்ததற்கு எதிராக இவர்கள் எல்லாரும் சேர்ந்து 1935இல் அமைப்பு தொடங்கியிருந்தார்கள். எமியும் அதன் பொறுப்பாளர்களில் ஒருவர். டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டம் போட்டபோது மேடையில் ஏறிப் பேசினார். வெள்ளையரின் சுமை என்று நீங்கள் சொல்லிவந்தீர்கள், இப்போது உங்கள் சுமையைத்தான் நாங்கள் சுமக்கிறோம், ஃபாசிசத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது நாங்கள்தான் என்ற பொருளில் பேசினார்.

இப்போது வரலாற்றில் என்ன நடக்கிறது பாருங்கள். ஜேம்ஸ் அந்த வருடங்களில் எழுதிய புத்தகம் இருக்கிறது. பேட்மோர் எழுதியவை இருக்கின்றன. அவர்கள் உட்கார்ந்து வாதம் செய்த மேசைக்குப் பதிவு இல்லை. அந்த மேசையைப் போட்டு, வாடகை கட்டி, அடுப்பு மூட்டி, யார் யாரைச் சந்திக்க வேண்டும் என்று அறிந்து உட்காரவைத்தவர் அடிக்குறிப்பாகிவிடுகிறார். ஓர் இயக்கத்துக்குள் ஒரு வருடமாவது இருந்தவர்களுக்குத் தெரியும், இடம் பிடிப்பதும் வசூல் கணக்கு வைப்பதும் சோறு போடுவதும் அரசியல் வேலைதான். அதைச் செய்பவருக்கு யார் நம்பகமானவர், யாருக்கு யாரோடு ஆகாது என்பதெல்லாம் அத்துப்படி. அந்த அறிவு இல்லாமல் மான்செஸ்டரில் மாநாடு கூடியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே சமயம், அவரைச் சாப்பாடு போட்ட அம்மாவாக மட்டும் ஆக்கிவிட்டாலும் தவறுதான். டிரஃபால்கரில் பேசியவர் அவர்.

மான்செஸ்டரிலும் பேசினார். மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய அமர்வில் அவர் சொன்னதன் சாரம் இது: நீக்ரோவைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, பேசியாயிற்று. கறுப்புப் பெண்ணைப் பற்றி மட்டும் ஏனோ பேச்சே இல்லை. பிள்ளை பெறுபவளாக அவளை ஓரத்தில் தள்ளிவைத்திருக்கிறார்கள். இதை அவர் ஆண்கள் நிறைந்த அந்த அரங்கில் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த மாநாட்டில் உரையாற்றிய இன்னொரு பெண் அல்மா லா பாடி, அவரும் ஜமைக்காக்காரர். அறிக்கைகளிலும் தீர்மானங்களிலும் நாடுகளின் விடுதலை வந்தது, தொழிலாளர் உரிமை வந்தது. எமி கேட்ட கேள்விக்கு எத்தனை பேர் காது கொடுத்தார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

'கார்வி பெயரை வைத்துப் பிழைத்தார்' என்று இவரைச் சொல்பவர்கள் உண்டு. தொடங்கிய தொழில்கள் நிலைக்கவில்லை என்பது உண்மை. எழுத ஆரம்பித்த கார்வி வரலாறு முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெயரோடு அவர் எங்கே போய் நின்றார் என்று பார்க்க வேண்டாமா? 1950களில் லண்டனின் லாட்புரோக் குரோவ் பகுதியில், பாசெட் ரோடு முதலாம் இலக்க வீட்டில், கறுப்பினப் பெண்களுக்காக ஒரு மையம் நடத்தினார். 1958இல் அதே வட்டாரத்தில், நாட்டிங் ஹில்லில், வெள்ளைக் கும்பல்கள் தெருவில் இறங்கி மேற்கிந்தியரை அடித்தன. அடுத்த மே மாதம் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா தச்சர் தெருவிலேயே குத்திக் கொல்லப்பட்டார். 32 வயது. அந்தக் கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். அந்த நாட்களில் டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸோடு சேர்ந்து மக்களைத் திரட்டியவர், அரசாங்கத்திடம் முறையிடப் போனவர் எமி. கிளாடியாவின் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலும் இருந்தார். அப்போது அவருக்கு 62 வயது. 17 வயதில் தொடங்கிய வேலையைத்தான் அப்போதும் செய்துகொண்டிருந்தார்.

1964இல் கார்வியின் உடலை லண்டனிலிருந்து கொண்டுபோய் ஜமைக்கா தன் முதல் தேசிய வீரராக அடக்கம் செய்தது. எமி 1969 மே 3 அன்று அதே ஜமைக்காவில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் அங்கங்கே சிதறின. அவரைப் பற்றி முழு வாழ்க்கை வரலாறு வர இருபது வருடம் ஆயிற்று.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சிறுமியாக இருந்தபோது எமிக்கு அவர் பாட்டி ஒரு விஷயம் சொல்லியிருந்தார். நான் ஆப்பிரிக்காவில் பிறந்தவள், அசாந்தே நாட்டில் ஜுவாபென் என் ஊர், என்னை விற்றுவிட்டார்கள், என் பெயர் போஹிமா தபாஸ். ஜமைக்காவில் அடிமையாக வாழ்ந்த ஒரு பெண், எஜமானர்கள் மாற்றிய பெயருக்குக் கீழே தன் சொந்தப் பெயரையும் ஊரையும் அழியாமல் வைத்திருந்து பேத்தியிடம் கொடுத்திருக்கிறார். மான்செஸ்டர் மாநாடு முடிந்த மறு வருடம் எமி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டில் வழக்கறிஞர் ஜே.பி. டான்குவா விசாரித்து உதவினார். ஜுவாபெனில் அந்தப் பெயரைச் சொன்னபோது, அங்கிருந்தவர்கள் அதைத் தங்கள் குடும்பத்துப் பெயராக அடையாளம் கண்டு, எமியை வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டார்கள்.