எண்ணாமல் எழுதிய 20

"ஊசி போடுறதுக்கு எதுக்கு டிகிரி?" கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறார்கள், அதனால்தான் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நேற்று ஒரு தங்கை இன்பாக்ஸில் வந்து அதையே வேறு மாதிரி கேட்டாள். "பி.எஸ்சி நர்சிங் சேரலாம்னு இருக்கேன் அக்கா, வீட்ல டாக்டர் சீட் கிடைக்காதவங்க போற படிப்புன்னு சொல்றாங்க, என்ன பதில் சொல்றது?" அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது, சரி, இங்கேயே போட்டுவிடலாம் என்று போடுகிறேன்.

ஊசி போடுவது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பொம்மைக் கையில் குத்திக் குத்திப் பழகினால் நடுக்கம் போய்விடும். (பொம்மைக்கு நரம்பு ஓடி ஒளியாது, மனிதர்களுக்கு ஒளியும், அது தனிக் கதை.) நான்கு வருடம் எதற்கு என்றால், சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மண்டைக்குள் ஓட வேண்டிய விஷயத்துக்கு. டிஜாக்சின் என்று ஒரு இதய மாத்திரை. டாக்டர் எழுதியிருக்கிறார், வேளையும் வந்துவிட்டது, கொடுத்துவிடலாமா? கூடாது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதே நோயாளிக்கு நீர் பிரிய மாத்திரையும் போகிறது என்றால் உடம்பில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம், குறைந்தால் டிஜாக்சின் விஷமாக மாறும் வாய்ப்பு கூடும், ஆகவே ரத்தப் பரிசோதனைத் தாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். சரி, பொட்டாசியம் குறைவு, ஏற்றச் சொல்கிறார்கள். அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு சின்ன மாத்திரைக்குப் பின்னால் உடலியங்கியல், மருந்தியல், உயிர்வேதியியல் மூன்றும் வரிசையில் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது, மாத்திரை நீட்டும் கை மட்டும்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை நான் கற்றுக்கொண்டது ஒரு அசிங்கத்துக்குப் பிறகு.

இரண்டாம் வருடம், மெடிக்கல் வார்டு போஸ்டிங். காலையில் பன்னிரண்டு படுக்கைக்கு வைட்டல்ஸ், அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. எடுக்க வேண்டும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும், பி.பி.யை மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். யாருக்கு நேரம்? 20, 20, 18, 20 என்று எழுதிக்கொண்டே போனேன். பெரியவர்களுக்கு நார்மல் 12 முதல் 20 வரை என்று புத்தகத்தில் படித்ததை வைத்து எழுதிய எண் அது, நோயாளியைப் பார்த்து எழுதியதில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது படுக்கையில் இருந்த தாத்தாவிடம் போய், நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் போர்வை ஏறி இறங்குவதில் இருந்தது. (மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சை மாற்றிவிடுவார்கள், அதற்காகத்தான் இந்த நாடகம்.) "நல்லாத்தான் இருக்கேன்... சிஸ்டர்" என்றார் தாத்தா. அந்த மூன்று சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கினார், அதைக்கூட நான் அப்போதுதான் கவனிக்கிறேன். ஒரு நிமிடம் முடிந்தது. 28.

காய்ச்சல் பெரிதாக இல்லை, பி.பி. ஒழுங்காக இருந்தது. மூச்சு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதுதான். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஒன்றுக்கே முழு 3 புள்ளி, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் உடனே ஆள் வந்து பார்க்க வேண்டும். டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிமோனியா. மதியத்துக்குள் தாத்தா ஐ.சி.யூ.வில். பிழைத்துக்கொண்டார், பதினோரு நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. சார்ட்டை நீட்டி, "ஒரே கோடு போட்டு அடி, பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்துப் போடு" என்றார். கேஸ் ஷீட்டில் தப்பை அழிக்கக் கூடாது, மேலே கிறுக்கி மறைக்கவும் கூடாது, எழுதியது என்ன என்று கீழே தெரிய வேண்டும். அந்த 20 தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். அந்த சிஸ்டர் பட்டம் படித்தவர் இல்லை, டிப்ளமோ. இருபது வருடத்துக்கு மேல் வார்டில் நின்று கற்றது அது. அப்படியானால் டிகிரி எதற்கு? அவருக்கு இருபது வருடத்தில் வந்த கண்ணை, அத்தனை வருடமும் அத்தனை நோயாளிகளும் செலவாகாமல் முதல் டூட்டியிலேயே கொஞ்சமாவது கொடுப்பதற்கு. 28 என்றால் ஏன் ஆபத்து, நுரையீரலில் என்ன நடக்கிறது, டாக்டரிடம் என்ன எண்ணைச் சொல்லி எப்படிப் பேசினால் உடனே கிளம்பி வருவார், இதெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூடிய விஷயம்தான்.

பட்டம் படித்த செவிலியர் இருந்தால் பலன் உண்டா என்று கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 9 ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பட்டதாரிச் செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடும் இடத்தில், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. பட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, தொடர்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்கள் இந்தப் பாதியை மட்டும் மேடையில் சொல்கிறார்கள். அதே ஆய்வின் மறுபாதி, ஒரு செவிலியர் தலையில் ஒரு நோயாளியைக் கூடுதலாகக் கட்டினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது. அதை எந்த நிர்வாகமும் ஃப்ரேம் போட்டு மாட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் என் கோபம் கல்லூரிகள் மேலேயும்தான். கேர் பிளான் என்று ஒன்று எழுதுவோம், நோயாளியின் பிரச்சினை, இலக்கு, என்ன செய்யப் போகிறோம், ஏன், செய்ததில் பலன் இருந்ததா என்று கட்டம் கட்டமாக. நல்ல விஷயம், உட்கார்ந்து யோசித்து எழுதினால். ஆனால் நாளைக்கு மூன்று சமர்ப்பிக்க வேண்டும் என்றால் யார் யோசிப்பார்கள், சீனியர் நோட்டைப் பார்த்து இறக்குமதி செய்வோம். என் தோழி ஒருத்தி அப்படி இறக்கியதில், ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த பெரியவருக்கு "தாய்ப்பால் கொடுக்க ஊக்குவித்தல்" என்று எழுதி வைத்தாள். அதைவிடக் கொடுமை, அதற்கும் டிக் விழுந்தது. நானே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இதயத்தைச் சிவப்பும் நீலமுமாக வரைந்து பாராட்டு வாங்கினேன். மறுநாள் வார்டில் இதயத் துடிப்பை நெஞ்சில் எந்த இடத்தில் வைத்துக் கேட்பது என்று ஸ்டெதஸ்கோப்போடு தடவிக்கொண்டிருந்தேன். மூச்சை எண்ண நேரமில்லாமல் போன பெண்ணுக்கு மார்ஜின் போட நேரம் இருந்தது!

தேவதை, தியாகம், கருணை என்று யாராவது ஆரம்பித்தாலும் எனக்கு எரிச்சல்தான். நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்த வீரர்கள்தான் அதிகம் என்று எண்ணிக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு அதிகாரிகள் முன்னால் வைத்தவர் அவர். ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி என்ற புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். அந்தக் கணக்கு நோட்டைக் கையில் வைத்து அவருக்கு யாரும் சிலை செய்வதாகத் தெரியவில்லை.

சரி தங்கச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் சீட் கிடைக்காததால்தான் சேர்கிறாய் என்றாலும் பரவாயில்லை, என் வகுப்பில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், அதில் சிலர் இன்றைக்கு நான் பார்த்ததிலேயே சிறந்த நர்ஸ்கள். வீட்டுக்குப் பதில் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சேர்வதென்றால் செகண்ட் முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள், டிஜிட்டல் வேண்டாம். போஸ்டிங் நேரத்தில் போனை வெளியே எடுக்க விடமாட்டார்கள்.