மழை பொய்த்த ஊரில் எழுந்த கலகம்

1900-ல் சீனாவில் நடந்த பாக்ஸர் கலகத்தைப் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியில் கடந்து வந்திருப்போம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பினார்கள், உடம்பில் குண்டு பாயாது என்று நம்பினார்கள், தோற்றார்கள். சிலருக்கு அவர்கள் தேசபக்தர்கள், சிலருக்கு மூடநம்பிக்கைக் கும்பல். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

லியுவான்துன் என்ற கிராமத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வட சீனாவின் ஷான்டோங் மாகாணத்து ஊர். 1869-ல் பொதுநிலத்தைப் பங்கு போட்டபோது, கோயில் இருந்த மனை ஊரின் கிறிஸ்தவர்களுக்குப் போனது. அவர்கள் அதைத் தேவாலயம் கட்டக் கொடுத்தார்கள். வழக்கு, அடிதடி, மறுபடி வழக்கு என்று ஏறக்குறைய முப்பது வருஷம் ஓடியது. பாதிரியாருக்குப் பின்னால் பிரெஞ்சுத் தூதரகம் நின்றால் உள்ளூர் அதிகாரி யாருக்கு நியாயம் சொல்வார்? கோயில் திருவிழாவுக்கும் கூத்துக்கும் வரி கொடுக்க வேண்டாம் என்ற விலக்கும் கிறிஸ்தவர்களுக்கு இருந்தது. ஊர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தப் புகைச்சல் புரியும். அந்தத் தகராறில் துணைக்கு வந்த சண்டைக்கலைக் குழு ஒன்றுதான் பின்னர் 'யிஹெ' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரில் கிளம்பியவர்களைத்தான் வெள்ளைக்காரர்கள் பாக்ஸர்கள் என்றார்கள்.

அப்புறம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. 1897-ல் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி ஜெர்மனி ஷான்டோங் கடற்கரையின் ஜியாவ்ஜோ விரிகுடாவைப் பிடித்துக்கொண்டது. 1898-ல் மஞ்சள் ஆறு உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. அதன் பின் மழையே இல்லை. விதைக்க ஈரமில்லாத நிலம், வேலையில்லாத இளைஞர்கள். கூத்தில் பார்த்த, சீனப் பழங்கதைகளின் குரங்கரசன் தங்கள் மேல் இறங்குவதாகச் சாமியாடினார்கள். தேவாலயங்கள் வானத்தை அடைத்துவிட்டதால்தான் மழை இல்லை என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். பசித்தவனுக்கு அதைவிட எளிதாகப் புரிகிற விளக்கம் உண்டா?

சரி, அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது? இதைச் சொல்லாமல் அவர்களைப் புகழ்வதுதான் என்னைச் சுடுகிறது. கொல்லப்பட்ட வெளிநாட்டுப் பாதிரியார்களும் அவர்கள் குடும்பத்தாரும் சில நூறு பேர். சீனக் கிறிஸ்தவர்களோ பல்லாயிரம் பேர். அதே வறட்சியில் காய்ந்தவர்கள், அதே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள்.

1900 ஜூனில் சீனப் பேரரசி சிஷி கலகக்காரர்களின் பக்கம் சாய்ந்து வெளிநாடுகள் மீது போர் அறிவித்தார். பெய்ஜிங்கில் தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் கிடந்தன. ஆகஸ்ட் 14-ல் அவர்களை மீட்க வந்த எட்டு நாட்டுப் படை நகருக்குள் நுழைந்ததும் கொள்ளையும் கொலையும் தொடங்கின. கிராமம் கிராமமாகப் போய்ப் பழிவாங்கினார்கள். பேரரசி குடியானவப் பெண் வேஷத்தில் தப்பினார். தப்ப வழியில்லாத குடியானவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1901 ஒப்பந்தத்தில் சீனாவின் தலையில் 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி அபராதம் விழுந்தது. சீனர் ஒருவருக்கு ஒரு டேல் என்று கணக்குப் போட்டு, வட்டியோடு 39 வருஷத் தவணை.

அந்த எட்டு நாட்டுப் படையில், பிரிட்டிஷாரின் கீழ், நம் ஆட்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை போனது, ராஜபுத்திரப் படையும் போனது. ராஜபுத்திரப் படைச் சிப்பாய் கதாதர் சிங், தான் பார்த்ததை இந்தியில் எழுதி வைத்தார். சீனர்களோடு சண்டையிடத்தான் வந்தோம், ஆனாலும் அவர்களும் ஆசியக்காரர்கள்தானே என்று அவர் மனம் இளகியிருக்கிறது. அடிமை நாட்டிலிருந்து கூலிக்குப் போன ஒரு சிப்பாய்க்கு, எரிந்த ஊர்களின் நடுவே அது தோன்றியிருக்கிறது.