கோடை முகாம் வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

16, 17 வயதுப் பிள்ளை "கோடை முகாமில் வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சின்னப் பசங்களோட விளையாடுறதெல்லாம் ஒரு வேலையா? அந்த நேரத்துல ஏதாவது கோர்ஸ் படி." என் கருத்து இதற்கு நேர் எதிர். அந்த வயதில் கிடைக்கக்கூடிய வேலைகளிலேயே பொறுப்பு அதிகமானது இதுதான். கடையில் பில் போடும்போது தவறினால் கணக்கு இடிக்கும், மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். முகாமில் கவனம் தவறினால் அடிபடுவது ஒரு குழந்தை. இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கிறவர்கள் அதற்கேற்ற பயிற்சியும் ஓய்வும் சம்பளமும் கொடுக்க வேண்டாமா? "விளையாட்டுதானே, ஜாலியா இருக்கும்" என்று சொல்லியே பல இடங்களில் இந்த மூன்றிலும் கைவைக்கிறார்கள். பெற்றோரும் அதையே சொல்வதால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

குழந்தைகள் இரவும் தங்கும் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களில் நாம் பார்ப்பது பகல் நேரத்தை: பந்து, பாட்டு, வண்ணம் பூசிய முகங்கள். வேலையின் கடினமான பகுதி விளக்கை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது. எட்டு வயதுக் குழந்தை போர்வைக்குள் விசும்புகிறது. அறையில் பொறுப்பாக இருப்பது 17 வயது அக்கா ஒருத்தி. "அழாதேம்மா, நாளைக்கே அப்பாவை வரச் சொல்றேன்" என்றுதான் யாருக்கும் முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. வீட்டு ஏக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய அறிக்கையை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-இல் வெளியிட்டது. வீட்டைப் பிரியும் குழந்தைக்கு ஏக்கம் வருவது இயல்பு என்று சொல்லும் அந்த அறிக்கை, "பிடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று பெற்றோர் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டால் குழந்தை முகாமில் மனம் ஒட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். உன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று நாமே சொன்ன மாதிரியும் ஆகிவிடும்.

அப்படியானால் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டு ஞாபகம் வந்துடுச்சா?" என்று கேட்க வேண்டும். அழுகையை அடக்கச் சொல்லாமல் பேசவிட வேண்டும். அப்புறம் மெல்ல, நாளைக்குக் காலையில் யாரோடு சேர்ந்து என்ன செய்யப்போகிறாய் என்ற பக்கம் பேச்சைத் திருப்ப வேண்டும். குழந்தை சாப்பாட்டைத் தொடவில்லை, தூங்கவே இல்லை என்றால் இது தன் கைக்கு மீறியது, பெரியவரை எழுப்ப வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கே கைவராத பக்குவம் இது. சொல்லிக்கொடுத்தால் பதின்வயதினர் அருமையாகச் செய்வார்கள், அதை நான் முழுமனதாக நம்புகிறேன். சொல்லிக்கொடுக்காமல் அந்த அறையில் விடுவது அந்தக் குழந்தைக்கும் அநியாயம், இந்தப் பெண்ணுக்கும் அநியாயம்.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கூர்மையானது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, உண்மையில் மூழ்குகிறவர்களைக் கவனித்து ஆராய்ந்து காட்டியது வேறு. மூச்சுக்கே திணறுவதால் குரல் வராது. கைகள் தன்னிச்சையாகப் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், ஆட்டிக் கூப்பிட முடியாது. உடல் செங்குத்தாக நிற்கும். மேற்பரப்பில் இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடி வரைதான். பார்க்கிறவருக்கு அது விளையாட்டு மாதிரியே தெரியும். எதைப் பார்க்க வேண்டும் என்று பழக்கப்படுத்தாத ஒருவரைக் குளக்கரையில் நிறுத்தினால் அந்த நொடிகள் அப்படியே போய்விடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சான்றிதழ் பெற்ற 15 வயதினரை நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக அனுமதிக்கிறது, ஏரியிலும் ஆற்றிலும் அனுமதிப்பதில்லை. கலங்கிய தண்ணீரும் ஒரே மாதிரி இல்லாத ஆழமும் எவ்வளவு வேறு என்பது தெரிந்து போட்ட கோடு அது. பிள்ளையை "ஏரிக்கரையில் சும்மா ஒரு கண் வைத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடச் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத முகாம்களுக்கு அதே அமெரிக்கச் சட்டத்தில் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் கூடுதல் நேர ஊதியத்திலிருந்தும் விலக்கு உண்டு. பருவகாலத் தொழில் என்பது காரணம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பருவத்துக்குப் பருவம் குறைவதில்லை. 'பயிற்சி நிலை உதவியாளர்' என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் வைத்துக்கொள்ளும் முகாம்களும், அதற்குக் குடும்பத்திடமே கட்டணம் வாங்கும் முகாம்களும் இருக்கின்றன. உண்மையிலேயே கற்றுக்கொடுத்தால் கட்டணம் சரி, நான் மறுக்கவில்லை. நாள் முழுக்க வேலையை வாங்கிக்கொண்டு அதைப் பயிற்சி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சேருவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: கோடை தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள், முதலுதவிச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலைக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர் முகாமிடம் கேட்க வேண்டியவை இன்னும் முக்கியம். குழந்தைகள் வருவதற்கு முன் எத்தனை நாள் பயிற்சி? என் பிள்ளை பார்த்துக்கொள்ளப்போகும் குழந்தைகளுக்கு என்ன வயது? பார்த்துக்கொள்கிறவர் குழந்தைகளைவிடக் குறைந்தது இரண்டு வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்று அமெரிக்க முகாம் சங்கத்தின் தர விதிகள் சொல்கின்றன. 14 வயதுப் பையனை 15 வயதுப் பையன் அதட்ட வேண்டிவந்தால் அது சண்டையில்தான் முடியும். ஒரு குழந்தையோடு என் பிள்ளை தனியாக இருக்க நேருமா? நேரக் கூடாது. அந்த விதி குழந்தையைக் காப்பது போலவே உங்கள் பிள்ளையையும் வீண்பழியிலிருந்து காக்கும். நள்ளிரவில் சிக்கல் வந்தால் எழுப்புவதற்குப் பெரியவர் எத்தனை அடி தூரத்தில் படுத்திருப்பார்? இரவு விழித்தவருக்கு மறுநாள் ஓய்வு உண்டா, வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு உண்டா?

பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு முகாம் பாருங்கள்.