ரேமண்ட் தீவுக்குப் போகிறவர்கள் கோவாலாவுக்கு முன் மரத்தைப் பாருங்கள்

மெல்பர்ன் பயணம் என்றாலே 'கோவாலா பார்க்கணும்' என்று ஒரு வரி பட்டியலில் ஏறிவிடும். பெரும்பாலும் அது ஒரு விலங்குப் பூங்காவின் வேலியோரத்திலேயே முடிந்தும் விடும். வேலி இல்லாமல், தன் பாட்டுக்கு மரக்கிளையில் கிடக்கும் கோவாலாவைப் பார்க்க வேண்டுமென்றால் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மிகச் சுலபமான இடம் ரேமண்ட் தீவு. சுலபம் என்பதுதான் அங்கே இருக்கும் சிக்கலும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வழி. மெல்பர்னிலிருந்து கிழக்கே பெயின்ஸ்வில் என்ற சிற்றூர் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர், காரில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் பேர்ன்ஸ்டேல் கடைசி நிலையம். அங்கிருந்து இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும், பேருந்து நேரத்தை முன்கூட்டியே பார்க்காமல் கிளம்பாதீர்கள். பெயின்ஸ்வில் கரையில் நின்றால் தீவு எதிரிலேயே தெரியும். நடுவில் ஒரு குறுகலான நீர்ச்சந்து, அவ்வளவுதான். சங்கிலியைப் பிடித்து நகரும் மிதவை சில நிமிடங்களில் அக்கரை சேர்த்துவிடும். நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் கிடையாது, காருக்கு உண்டு. காரை இக்கரையிலேயே விட்டுவிடுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தீவின் தெருக்களில் கோவாலாக்கள் மரம் மாறத் தரையில் இறங்கி நடக்கின்றன, அதுவும் இருட்டும் நேரத்தில்.

மிதவைத் துறையிலிருந்தே கோவாலா பாதை தொடங்குகிறது. 1.2 கிலோமீட்டர்தான், வேகமாக நடந்தால் இருபது நிமிடம். அப்படி நடந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் போகும் பாதை இது. வீட்டு வாசல் மரத்தில் கோவாலா இருந்தால் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

தேடும் முறை: அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து பாருங்கள். ஆலிவ் காய் அளவில், நீளவாக்கில் வரிகளோடு புழுக்கை கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. புதியதாக இருந்தால் நசுக்கும்போது நம்மூர் நீலகிரித் தைல வாசனை அடிக்கும். அடுத்து அடிமரம்: வழவழப்பான பட்டையில் நகக் கீறல்கள். அதற்கப்புறம்தான் கிளை. இலைக்கொத்துக்குள் தேடாதீர்கள், கிளை பிரியும் கவட்டைகளைப் பாருங்கள். வானத்தின் பின்னணியில் ஒரு உருண்டை கறுப்பாகத் தெரியும். முதலில் எறும்புப் புற்று என்றோ மரக்கணு என்றோ தோன்றும். வெயில் கடுமையான நாளில் இந்தக் கணக்கு மாறும்: அப்போது கீழே இறங்கி, குளிர்ச்சியான அடிமரத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும். தன் உணவு அல்லாத மரத்தில்கூட உட்கார்ந்திருக்கும்.

நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும் விலங்கு அது. யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நச்சு அதிகம். அதைச் செரிக்கவே சக்தி போய்விடுகிறது. 'போதையில் கிடக்கிறது' என்று நம்மாட்கள் எழுதுவதெல்லாம் கதை. எழுப்பிப் படமெடுக்கக் கை தட்டுவது, விசிலடிப்பது, மரத்தை உலுக்குவது எல்லாம் அதன் அன்றைய கணக்கில் கை வைப்பது. கண் திறந்திருக்கும் படம் வேண்டுமென்றால் மாலை மங்கும் நேரத்துக்குப் போங்கள். முதுகில் குட்டியோடு பார்க்க ஆசையா? குட்டிகள் பெரும்பாலும் கோடையில் பிறந்து ஆறு மாதம் பைக்குள் இருக்கும், ஆகவே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தோதான காலம். அதே மாதங்களில் ஆண் கோவாலாவின் உறுமலும் கேட்கும். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து பன்றியும் பழுதான மோட்டாரும் சேர்ந்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும், பயப்படவேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரே குறிப்பு: வானம் பின்னால் இருப்பதால் கேமரா ஏமாந்து விலங்கைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

இனி அந்தச் சிக்கல். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டு, 'அழிகிற இனம்னு சொன்னாங்க, இங்கே மரத்துக்கு ஒண்ணு இருக்கே' என்று பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தீவில் கோவாலா இயற்கையாக இருந்ததில்லை. 1953-இல் பிலிப் தீவிலிருந்து சில டஜன் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் 1920-களில் விக்டோரியாவில் கோவாலா ஏறக்குறைய ஒழிந்தே போனது. முன்பே பிரெஞ்சுத் தீவில் விடப்பட்டிருந்த ஒரு சிறு கூட்டம் பெருகியது. அந்த வழித்தோன்றல்களைக்கொண்டுதான் மாநிலத்தின் பல காடுகளை மறுபடி நிரப்பினார்கள். அதனால் மரபணு வேறுபாடு குறைவு. அந்த வழி வந்த ஆண்களில் விரை வளராத குறைபாடு வரை காணப்படுகிறது.

தீவில் கோவாலாவைத் தின்னும் விலங்கும் இல்லை, அது வெளியேற வழியும் இல்லை. ஒவ்வொன்றும் தினம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை இலை தின்னும். விருப்பமான மன்னா கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் திரும்பத் திரும்ப மொட்டையாகிக் கடைசியில் பட்டுப்போகின்றன. நீங்கள் சுலபமாகப் பார்க்க முடிவதற்கு மரத்தில் இலை குறைவதும் ஒரு காரணம். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பெண்களுக்குத் தோலுக்கடியில் ஹார்மோன் கருத்தடை வைக்கிறார்கள், சிலவற்றைப் பெருநிலக் காடுகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றுவது எளிதல்ல. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு மர வகைக்குப் பழகிவிட்டால் வேறு யூகலிப்டஸ் இலை உடம்புக்கு ஒத்துப்போவதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விக்டோரியாவின் தென்மேற்குக் கரையில் உள்ள கேப் ஆட்வே சாட்சி: அங்கே இலை தீர்ந்து பட்டினியில் வாடிய சுமார் 700 கோவாலாக்களை 2013-14-இல் அதிகாரிகள் கருணைக்கொலை செய்யவேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம், குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா இருக்கும் ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்கள் 2022 பிப்ரவரியில் 'அருகிவரும்' நிலைக்குப் போயின. விக்டோரியா அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒரு தீவில் நெரிசல் என்பதால் ஒரு கண்டத்தில் நலம் என்று ஆகிவிடாது.

தூக்கி வைத்துப் படமெடுக்கும் ஆசையோடு போகாதீர்கள். விக்டோரியாவில் பூங்காவில்கூட அனுமதியில்லை. தாகமாகத் தெரிந்தால் பாட்டிலை வாயில் வைத்து ஊற்றாதீர்கள். தலை நிமிர்ந்த நிலையில் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், அதிலேயே செத்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி மரத்தடியில் வைத்துவிட்டு விலகுங்கள். கண் சிவந்து பீளை கட்டியிருந்தால், பின்புறம் ஈரமாகப் பழுப்பேறியிருந்தால் கிளமிடியா நோயாக இருக்கலாம். பகலில் தரையில் உட்கார்ந்து, ஆள் நெருங்கியும் நகராமல் இருந்தாலும் உடம்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடாமல், எந்தத் தெரு எந்த மரம் என்று குறித்துக்கொண்டு வனவிலங்கு மீட்பு எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை மிதவையில் ஏறுவதற்கு முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்வது நல்லது.