எபேசியர் 5: கணவருக்குச் சொன்னதையும் படிக்க வேண்டும்

ஒருவர், பைபிளின் புதிய ஏற்பாட்டில் உள்ள எபேசியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, கணவருக்கு எந்தக் கடமையும் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல என்பதை மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன்.

22ஆம் வசனம் மனைவிகளைக் கீழ்ப்படியச் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய 21ஆம் வசனம் எல்லோரையும் பார்த்து, 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறது. பாப்பிரஸ் 46, வத்திக்கான் சுவடி போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே கிடையாது. 21இலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பிரித்துப் படிக்கவே முடியாது. பல பதிப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைப்பைப் போட்டுவிடுவதால் தொடர்பு கண்ணில் படுவதில்லை. அந்தத் தலைப்பு பதிப்பாளர் சேர்த்தது, மூலத்தில் இல்லாதது.

அப்புறம் 25ஆம் வசனம். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல மனைவியை நேசிக்கும்படி கணவருக்குச் சொல்கிறது. உயிரைக் கொடுக்கும் அளவுக்கான அன்பைக் கடமை இல்லை என்று எப்படிச் சொல்வது? 28ஆம் வசனம், மனைவியைத் தன் சொந்த உடலைப் போல நேசிக்கச் சொல்கிறது. கணவன் மனைவிக்குத் தலை என்று சொல்லும் 23ஆம் வசனத்தின் 'தலை' என்ற சொல்லையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம். எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி, 22இல் நிறுத்தாமல் 21 முதல் 33 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். மனைவிகளுக்கு எத்தனை வசனம், கணவர்களுக்கு எத்தனை வசனம் என்று எண்ணிப் பாருங்கள். கிரேக்க வினைச்சொல் பற்றிய விவரம், அடிக்குறிப்புகளோடு வரும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வசனத்தின் கீழேயே இருக்கும்.