அந்த முன்வரிசை நாற்காலி

அறுப்பின் பண்டிகையன்று முன்வரிசையில் நடந்ததை நம் சபையார் எல்லோரும் பார்த்தீர்கள். எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நன்கொடை கொடுத்த குடும்பம் உள்ளே வந்ததும், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம் சபைப் பெரியம்மாவை எழுப்பினார்கள். "பின்னால் பாயில் உட்காருங்கள்" என்றார்கள். வேதாகமப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யார் காலையும் மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார். சனிக்கிழமைதோறும் அந்தத் தரையைக் கூட்டித் துடைக்கிறவர் அவர். பிறகு நன்கொடை கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். அதுதான் உறுத்துகிறது.

பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று பிரிக்காதீர்கள் என யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது நமக்குத்தானே?

ஓர் அண்ணன் போனில் ரோமர் 13:7 சொன்னார், கனம்பண்ண வேண்டியவனுக்குக் கனம்பண்ண வேண்டுமாம். அண்ணே, அது வரியும் தீர்வையும் பேசுகிற இடம். ஓர் அதிகாரம் முன்னால் போங்கள், 12:10. "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்." நாம் நாற்காலிக்கு முந்துகிறோம்.

கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூடாதா என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கிழவியை ஏன் எழுப்ப வேண்டும்?

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்! வாசலேறி வந்தவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்கிற செட்டிநாடு. ஒருவர் கேட்காமல் விட்டாலும் வருடக்கணக்கில் மனத்தாங்கல் ஓடும். என் அப்பா ஆத்தங்குடிக் கல் ஊற்றியவர். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை அச்சின் கட்டங்களில் கரண்டியால் ஊற்றுவார். விரலிடுக்கில் சாயம் போகவே போகாது. அவர் கல் பதித்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். முகப்போரம் தயங்கி நின்றோம். வீட்டு ஆச்சி எழுந்து வந்து, "வாங்க, தரை போட்டவர் நிற்கலாமா" என்று பந்தியில் உட்காரவைத்து, தாமே இலை போட்டார். நெற்றி நிறையத் திருநீறு அவருக்கு.

அதே அப்பாவின் அடக்க ஆராதனை அரைமணிக்குள் முடிந்தது. அன்று வசதியான ஒரு வீட்டில் பிரதிஷ்டை ஜெபமாம், போதகர் போக வேண்டியிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாயம் போகாத அந்தக் கைகளைப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஞானப்பாட்டை முழுவதும் பாடக்கூட நேரமில்லை.

சபை விஷயத்தை வெளியே எழுதலாமா என்று கேட்பீர்கள். கமிட்டியில் இரண்டு முறை சொன்னேன், "பார்க்கலாம்" என்றார்கள். சபைக்கு எதிரி என்றும் சொல்வீர்கள். ஞானஸ்நானம் பெற்றதும் திடப்படுத்தல் எடுத்ததும் இதே கோயிலில். நான் எங்கே போவேன்?

பெரியம்மாவே வருத்தப்படவில்லையே என்கிறார்கள். நேற்று வீட்டுக்குப் போனேன். "வாப்பா" என்றார். பண்டிகையைப் பற்றிப் பேச்செடுத்தேன். பதில் சொல்லாமல் காபி போட உள்ளே போய்விட்டார். வர வெகுநேரம் ஆனது.

வரும் ஞாயிறு அவரை அதே முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்காரப்போகிறேன். எழுப்ப வருகிறவர்கள் முதலில் என்னை எழுப்பட்டும்.